புரோக்கர், லோயர், சர்வேயர்: மலைநாட்டில் வீடு வாங்கும்போது யாருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது?

பண்டாரவளைக்குப் பக்கத்தில் தங்கச்சி குடும்பத்துக்கு ஒரு சின்ன வீடு வாங்கி முடித்த கையோடு எழுதுகிறேன். "தனியா லோயர் எதுக்கு, காணி உறுதி எழுதுற, விக்கிறவரோட நொத்தாரிசே எல்லாத்தையும் பாத்துக்குவாரு" என்று சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியைப் பிடித்தோம், சர்வேயரைக் கூப்பிட்டோம், புரோக்கர் கூப்பிடாமலே வந்து சேர்ந்தார். யாருடைய பெயரையும் போடவில்லை, ஆனால் வேலை எப்படி என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

புரோக்கரிடம் ஆரம்பிப்போம். வீட்டைக் காட்டினார், அவ்வளவுதான். எதைக் கேட்டாலும் "கிளியர் உறுதி" என்பதுதான் பதில், ஆனால் அந்த உறுதியின் பிரதியைக் கேட்டால் முதலில் அட்வான்ஸ் போடச் சொன்னார். பிரதியைப் பார்க்காமல் ஒரு சதம்கூடக் கொடுக்கக் கூடாது. "இன்னொரு பார்ட்டி ரெடி காசோட நிக்குது" என்று அவசரப்படுத்தினார், அந்தப் பார்ட்டியை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. இவர் முதலில் காட்டிய, விலை பாதியாக இருந்த வீடு அனுமதிப்பத்திரக் காணியில் இருந்தது. 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணி, அதை இஷ்டத்துக்கு விற்க முடியாது. சமாதான நீதவான் முன்னால் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும் என்றார் புரோக்கர். லயத்துக் காம்பிராவைக்கூட இங்கே இப்படிக் கடிதத்தில் 'விற்று' வாங்குகிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். அந்தக் கடிதம் வெறும் பேப்பர்.

அப்புறம் லோயர். இந்த அம்மாவுக்குக் கொடுத்த காசில் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை. உறுதிப் பிரதியைக் கையில் வாங்கியதும் காணிப் பதிவுக் கந்தோரில் பின்னோக்கி 30 வருஷத்துக்குத் தேடிப் பார்த்தார். ஈடு இருக்கிறதா, வழக்குப் பதிந்திருக்கிறதா, சாகும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்து யாருக்காவது இருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில்தான் தெரியும். உறுதியைப் பார்த்தால் மட்டும் தெரியாது. பலரும் நினைக்கிறது போல நொத்தாரிசின் முத்திரை உரித்துக்கு உத்தரவாதம் இல்லை. தேட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டால் தேடாமலே அவர் உறுதி எழுதலாம், மலிவாக முடித்துத் தருகிறேன் என்பவர்கள் சிலர் மிச்சம் பிடிப்பதே இந்த இடத்தில்தான்.

எங்கள் விஷயத்தில் மாட்டியது இதுதான். விற்கிறவருக்கு அந்த வீடு அவருடைய தாயார் நன்கொடை உறுதியில் கொடுத்தது. உறுதி சரி, பதிவும் சரி, ஈடு ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் கண்டியச் சிங்களக் குடும்பம். 1938ஆம் ஆண்டு கண்டியச் சட்டக் கட்டளைப்படி, நன்கொடை கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை அதை ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்தால் நன்கொடை பெற்றவரிடமிருந்து வாங்கியவரின் உரித்தும் சேர்ந்தே போய்விடும். சில விதிவிலக்குகள் உண்டு, அதில் முக்கியமானது கொடுத்தவர் அந்த உரிமையைக் கைவிடுகிறேன் என்று வெளிப்படையாக எழுதிக் கொடுப்பது. இந்த உறுதியில் அப்படி ஒரு வரி இல்லை. தாயார் உயிரோடுதான் இருக்கிறார், நல்ல மனுஷி, தேத்தண்ணி எல்லாம் கொடுத்தார். பிற்பாடு எழுதும் உறுதியிலும் கைவிடலாம் என்பதால், லோயர் அம்மா விற்கிறவரிடம் பேசி, தாயாரிடம் அதை எழுதி வாங்கிய பிறகுதான் எங்களை அட்வான்ஸ் கொடுக்க விட்டார். விற்கிறவரின் நொத்தாரிசு இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், அவருக்குக் கூலி கொடுக்கிறவர் விற்கிறவர்.

இன்னொன்று, உறுதி முழுக்க சிங்களத்தில். தங்கச்சி மாப்பிள்ளைக்குப் பேசத்தான் வரும், வாசிக்க வராது. எல்லைகள் முதல் கடைசி நிபந்தனை வரை லோயர் அம்மா தமிழில் வாசித்து விளங்கப்படுத்தினார். லோயரைத் தேடும்போதே இதைக் கேட்டுப் பிடியுங்கள். குறை என்றால் போன் எடுக்கவே மாட்டார், நேரில் போனால்தான் வேலை நடக்கும்.

முத்திரைக் கட்டணத்தையும் முதலிலேயே கணக்குப் போட்டுக் கொடுத்தார். முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், அதாவது 120 இலட்சத்துக்கு 4,79,000 ரூபா, வாங்குகிறவர் தலையில். இதைத் தெரியாமல் கையில் இருப்பதையெல்லாம் விலைக்கே பேசிவிட்டால் கடைசியில் கடன்தான். விலையைக் குறைத்து எழுதலாம் என்று புரோக்கர் கண் சிமிட்டினார், லோயர் முறைத்தார்.

சர்வேயர் லைசன்ஸ் உள்ளவர், வந்தது தாமதம், ஆனால் வேலை சுத்தம். பழைய பிளானில் 12 பேர்ச். அளந்தால் குசினியின் பின்பக்கமும் துணி காயப்போடும் சீமெந்துத் தளமும் எல்லையைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் தள்ளி நிற்கின்றன. தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, 1992இலிருந்து கம்பெனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. வீட்டுக்காரர் எத்தனை வருஷம் அங்கே குசினி வைத்திருந்தாலும் அதை எங்களுக்கு விற்க முடியாது. இதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தோம். குசினியை எப்படியும் முன்னுக்கு இழுத்துக் கட்ட வேண்டும்.

மண்சரிவு இந்த மூன்று பேருடைய வேலையும் இல்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்டக் காரியாலயம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவில் நடந்ததையும் 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோது நடந்ததையும் பார்த்த பிறகும், வெள்ளையடித்த சுவரைப் பார்த்து வீடு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பின்பக்க மண்மேடு, தாங்கு சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா, சுவரில் புதிதாகப் பூசிய வெடிப்பு, இதெல்லாம் ஒரு மழை நாளில் போய்ப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

ஆகவே லோயருக்கு ஐந்துக்கு ஐந்து, சர்வேயருக்கு நாலு. புரோக்கருக்கு வீட்டைக் காட்டியதற்காக ஒன்று. உறுதி எழுதின பிறகு அதைப் பதிவுசெய்யும் வேலையையும் லோயரிடமே விடுங்கள். பதியாமல் வைத்திருந்து, அதே காணியை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால் உங்கள் உறுதி அடிபட்டுப் போகும். நொத்தாரிசு மாதாமாதம் காணிப் பதிவுக் கந்தோருக்கு உறுதிகளின் பிரதியை அனுப்புவது வேறு, பதிவு வேறு. பிரதேச சபையில் வரிக்குப் பெயர் மாற்றுவதற்கு மட்டும் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், உறுதிப் பிரதியோடு நீங்களே போனால் போதும்.