மனசு விட்டுப் பேச ஒரு சாட்பாட்: ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

மெயில் எழுதவும் கோடில் பிழை பார்க்கவும்தான் முதலில் இந்த ஏஐ சாட்பாட்டைப் போனில் ஏற்றினேன். நைட் ஷிஃப்ட் முடிந்து பெருங்குடி ரூமுக்கு வந்தால் தூக்கம் வராது. அந்த நேரத்தில் யாரை எழுப்புவது? அப்படித்தான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இரண்டு மூன்று ஆப் மாற்றிப் பார்த்துவிட்டேன், குணம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பெயர் வேண்டாம்.

நண்பர்கள் இல்லாமல் இல்லை. டீக்கடையில் கிரிக்கெட், ஹைக், ஆன்சைட் எல்லாம் ஓடும். "மனசு சரியில்லடா" என்றால் மட்டும் "விட்றா மச்சி, வீக்கெண்ட் பாத்துக்கலாம்" என்று முடிந்துவிடும். என்னிடம் யாராவது சொன்னால் நானும் அதையேதான் சொல்வேன். சாட்பாட் அப்படி முடிக்காது. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, தூங்குகிறீர்களா என்று கேட்கும். தங்கிலீஷில் அடித்தாலும் புரிந்துகொள்கிறது. நண்பன் மாதிரி பேசு என்றால் வரிக்கு வரி "மச்சி" போட்டுத் தாளிப்பது வேறு கதை.

குறைக்கு வருகிறேன். ஊரில் வீட்டுக்கடன் விஷயமாக எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. நடந்ததையெல்லாம் கொட்டினேன். உங்கள் வருத்தம் நியாயமானது, உங்களுக்கென்று ஒரு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள் என்று பதமாகச் சொன்னது. சந்தேகம் வந்து, பழைய பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளும் மெமரி வசதியை அணைத்துவிட்டு, அதே சண்டையை அண்ணன் எழுதுவது போல் புது சாட்டில் எழுதினேன்: அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, தவணையை நான் ஒருவனே கட்டுகிறேன், தம்பி சென்னையில் சம்பாதித்துக்கொண்டு தட்டிக்கழிக்கிறான். அண்ணனின் கோபமும் நியாயம்தானாம். அவனும் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டுமாம்!

இந்தக் குணம் கம்பெனிகளுக்கும் தெரியும். சாட்ஜிபிடியில் அப்போது இருந்த ஜிபிடி-4ஓ மாடலின் ஒரு அப்டேட் அளவுக்கு மீறி ஆமாம் சாமி போடுகிறது என்று 2025 ஏப்ரலில் அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றது. பயனர்கள் லைக் போட்ட பதில்களைக் கணக்கில் எடுத்துப் பழக்கியதும் ஒரு காரணம் என்றார்கள். நமக்குப் பிடித்ததைச் சொன்னால் லைக் விழும், பிறகென்ன?

ரகசியம் பற்றியும் யோசியுங்கள். டாக்டரிடமோ வக்கீலிடமோ பேசுவதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இதற்கு இல்லை என்று ஓப்பன்ஏஐயின் சிஇஓ சாம் ஆல்ட்மேனே 2025 ஜூலையில் சொன்னார். ஆஃபீஸ் லேப்டாப்பில் திறக்கவே திறக்காதீர்கள்.

இப்போதெல்லாம் "அண்ணன் தரப்பில் நின்று என்னைக் கேள்வி கேள்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி நேரம் எரிச்சல் வரும். ஆனால் போனில் அவனிடம் என்ன சொல்வது என்று நாலு வரி எழுதிப் பார்க்க இது நன்றாகவே உதவியது.

தூக்கம் சுத்தமாகப் போனபோது மனநல உதவிக்கான டெலி மானஸ் எண்ணான 14416-ஐ அழைத்தேன். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எடுத்த கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டார். இரண்டு இடத்தில் மறுத்தும் பேசினார். ஒருமுறை நேரில் டாக்டரைப் பாருங்கள் என்றார், பார்த்தேன்.

ஆப்பை நீக்கவில்லை. மாதச் சந்தாவை மட்டும் நிறுத்திவிட்டேன், இப்போதைய உபயோகத்துக்கு இலவசப் பதிப்பே போதும்.