ஹட்டனில் ஐந்து சனிக்கிழமைகள்: ஓர் ஆய்வெழுத்து வகுப்பைப் பற்றிய மதிப்பீடு

முதுகல்விமாணிப் பட்டத்துக்கான என் ஆய்வேட்டின் நான்காம் இயலை மேற்பார்வையாளர் திருப்பித் தந்தபோது, ஒரே சொல்லைப் பதினோர் இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். "நிரூபிக்கிறது" என்பதே அந்தச் சொல். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு அண்மையில் உள்ள இரண்டு தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் தரம் 9 மாணவரிடம் வினாக்கொத்து கொடுத்துத் திரட்டிய தரவை வைத்துக்கொண்டு, மாணவர் வரவு ஒழுங்கற்றுப் போவதற்குத் தாய் வெளிநாட்டு வேலைக்குச் சென்றிருப்பதே காரணம் என்பதை இவ்வாய்வு நிரூபிக்கிறது என்று நான் எழுதியிருந்தேன். "இரண்டு பாடசாலைகள் இதை நிரூபிக்கமாட்டா" என்பது மட்டுமே ஓரத்தில் இருந்த குறிப்பு. பிழை எனக்கு விளங்கியது. அதற்குப் பதிலாக எப்படி எழுதுவது என்பது விளங்கவில்லை. அந்தத் தேவையோடுதான் ஹட்டனில் நடைபெறும் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

சேருவதற்கு முன் நான் வேறொரு வழியையும் நாடியிருந்தேன். என்னைப் போன்ற பகுதிநேர மாணவர் பலர் அதையே நாடுவதால் அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆய்வேடுகளைத் தட்டச்சுச் செய்து மொழிதிருத்தியும் கொடுக்கும் ஒரு கடையில் அந்த இயலை ஒப்படைத்தேன். மூன்று நாளில் வேலை முடிந்தது. "நிரூபிக்கிறது" ஓரிடத்திலும் இல்லை. ஆனால், ஏறக்குறைய எல்லா வசனங்களும் "லாம்" என்று முடிந்திருந்தன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக, தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தோரின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர் என்று நான் எழுதிய வசனம்கூட, "நாடற்றவராகியிருக்கலாம்" என்று மாறியிருந்தது. என் பாட்டனார் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமலே இறந்தவர். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். எச்சரிக்கையான மொழி என்றால் இதுதான் என்றால், அது எங்களுக்கு வேண்டாம் என்றுகூட அன்று நினைத்தேன்.

ஹட்டன் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஒரு கடையின் மேல்மாடியில் வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. நடத்துபவர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர். தம் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை. ஐந்து சனிக்கிழமைகள், காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரை, கட்டணம் மொத்தமாக 6,000 ரூபாய். என் அணியில் பதினான்கு பேர் இருந்தோம்: பெரும்பாலும் ஆசிரியர்கள், பேராதனையில் படிக்கும் மாணவர் மூவர், தாதியர் ஒருவர். ஆய்வெழுத்து என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், ஐந்து நாளும் ஒரே விடயத்தைச் சுற்றியே வகுப்பு நடந்தது. கையில் உள்ள சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவை மட்டும் சொல்வது எப்படி என்பதே அது.

முதல் நாள் அவர் பாடத்தைத் தொடங்கியது தேயிலைக் கொழுந்து நிறுவையிலிருந்து. கூடையில் இருப்பது முழுவதும் கொழுந்து என்று கணக்கெழுத முடியாது, சாக்கின் நிறையும் மழை ஈரமும் அதில் சேர்ந்திருக்கின்றன, ஆகவே கழிவு உண்டு. ஆனால், எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பது கொழுந்து எடுத்தவருக்குக் கண்முன்னே தெரிய வேண்டும், தெரியாமல் கழித்தால் அது அநியாயம் என்றார். எங்களில் பாதிப்பேருக்கு மேல் கொழுந்தெடுத்த தாய்மாரின் பிள்ளைகள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தத் தட்டச்சுக் கடை என் வசனங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கழிவு போட்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வகுப்பின் மிகச் சிறந்த பகுதி, தமிழிலேயே இதற்கான கருவிகள் எவை, அவற்றில் எது எங்கே ஏமாற்றும் என்று அவர் காட்டியதுதான். "லாம்" என்னும் விகுதி ஐயத்தையும் குறிக்கும், அனுமதியையும் குறிக்கும். "பதினாறு வயது நிறைந்த மாணவர் வேலைக்குச் செல்லலாம்" என்று ஓர் ஆய்வேட்டில் இருந்தால், அவர்கள் செல்ல வாய்ப்பு உண்டு என்கிறோமா, செல்ல இடமுண்டு என்கிறோமா என்பது படிப்பவருக்குத் தெரியாது. "செல்லக்கூடும்" என்று எழுதினால் அந்த மயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். "வேண்டும்" இதைவிடச் சிக்கலானது. "தாய் வீட்டில் இருந்திருக்க வேண்டும்" என்ற வசனம், அவர் இருந்தார் என்ற ஊகமாகவும் படலாம், இருந்திருப்பதே கடமை என்ற குற்றச்சாட்டாகவும் படலாம். வெளிநாட்டில் உழைக்கும் தாய்மாரைப் பற்றி எழுதும் எனக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. என் இயலில் அப்படிப்பட்ட வசனங்கள் நான்கு இருந்தன.

"நம்பப்படுகிறது", "கூறப்படுகிறது" போன்ற செயப்பாட்டு வினைகளை அவர் ஒருபோதும் விட்டுவைப்பதில்லை. பார்வைக்கு அடக்கமாகத் தோன்றினாலும் அவை யார் நம்புகிறார், யார் கூறினார் என்பதை மறைத்துவிடுகின்றன. அதனால் படிப்பவருக்குச் சோதித்துப் பார்க்க எதுவும் கிடைப்பதில்லை என்பது அவர் கருத்து. இரண்டு மூன்று ஐயச் சொற்களை ஒரே வசனத்தில் அடுக்குவதையும் அவர் ஏற்கவில்லை. "ஒருவேளை இருக்கக்கூடும் எனத் தோன்றுகிறது" என்று எழுதியிருந்த ஒரு தோழியிடம், "பிள்ளை, இதில எந்த ஐயம் உங்களுடையது? அதை மட்டும் வைச்சுக்கொள்ளுங்க" என்றார். அவர் திருத்தும் முறை எப்போதும் அவ்வளவு மென்மையாகவே இருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை அவர் தொல்காப்பியத்தைக் கொண்டுவந்தார். இடையியலில் "கொல்லே ஐயம்" என்று ஓர் இடைச்சொல்லுக்கு ஐயப் பொருளையே இலக்கணமாக வகுத்திருப்பதையும், தூரத்தில் தெரியும் ஒன்று நட்ட கட்டையா ஆளா என்று துணிய முடியாதபோது "குற்றிகொல்லோ மகன்கொல்லோ தோன்றும் உரு" என்பதுபோலப் பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என உரைகாரர் காட்டுவதையும் விளக்கினார். மூடுபனி இறங்கிய மலையில் எதிரே நிற்பது வெட்டிய மரத்தின் அடியா, மேற்பார்வைக்கு வந்த ஆளா என்று திகைத்த அனுபவம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. தெளியும் வரை "உரு" என்று சொல் என்கிறது இலக்கணம். எச்சரிக்கை வினைமுற்றில் மட்டும் இருப்பதில்லை, எந்தப் பெயர்ச்சொல்லைத் தேர்கிறோம் என்பதிலும் இருக்கிறது என்பதை நான் அங்கேதான் கற்றேன். இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

பெயர்ச்சொல் தேர்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட சான்று குடிசன மதிப்பீடு. மலையகத் தமிழர் அதில் "இந்தியத் தமிழர்" என்ற பிரிவில் பதியப்பட்டனர். 1981 இல் இந்தியத் தமிழர் தொகை 818,656. 2012 இல் 839,504. முப்பத்தொரு ஆண்டுகளில் கூடியது 20,848 மட்டுமே. இந்த எண்களை வைத்து எங்களில் சிலர், மலையகத் தமிழரின் தொகை வளரவில்லை என்று எழுதினோம். வேறு சிலர், மலையகத் தமிழர் திட்டமிட்டு மறைக்கப்பட்டுவிட்டனர் என்று எழுதினோம். இரண்டையும் அவர் ஒதுக்கிவைத்தார். இந்த எண்கள் "இந்தியத் தமிழர்" என்று பதிவானவர்களின் எண்கள். 1981 க்குப் பின்னரும் இந்தியாவுக்குச் சென்றோர் உள்ளனர்; தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டோரும் உள்ளனர். ஆகவே, "இந்தியத் தமிழர் எனப் பதிவானோர் தொகை இக்காலத்தில் மிகச் சிறிதளவே கூடியுள்ளது, இந்தியாவுக்குச் சென்றமையும் பதிவுப் பிரிவை மாற்றிக்கொண்டமையும் இதற்குப் பங்களித்திருக்கக்கூடும்" என்று எழுதவைத்தார். முதற்பகுதியில் ஐயம் எதுவும் இல்லை, எண் அங்கே இருக்கிறது; இரண்டாம் பகுதியில் மட்டுமே "கூடும்" நிற்கிறது.

அன்றுதான் பொகவந்தலாவையிலிருந்து வந்த ஓர் இளைஞர் எழுந்து, "சேர், நம்ம ஆட்களப் பத்தி மத்தவங்க இத்தனை காலமும் உறுதியாத்தானே எழுதினாங்க. நாம மட்டும் ஏன் தயங்கி எழுதணும்?" என்று கேட்டார். என் மனதில் இருந்த கேள்வியும் அதுவே. விரிவுரையாளர் உடனே பதில் சொல்லாமல், இலங்கையும் இந்தியாவும் 1964 இல் செய்துகொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பலகையில் எழுதினார். நாடற்றிருந்தோர் ஏறக்குறைய 975,000 பேர். அவர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்க உடன்பட்டது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்க உடன்பட்டது, மீதி 150,000 பேரின் நிலை பின்னர் பேசப்படும் என்று விடப்பட்டு 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. "இதில எதுக்கு 'லாம்' போடுவீங்க, தம்பி?" என்று கேட்டார். எதற்கும் இல்லை என்றார் இளைஞர். "ஆனா 525,000 பேர் இந்தியாவுக்குப் போனாங்கன்னு எழுதினா?" என்று அடுத்துக் கேட்டார். போனவர்களின் தொகை அதைவிடக் குறைவு; ஆகவே "உடன்பட்டது" என்ற வினையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்கே தெளிந்தது. நடந்த அநீதியைத் தயங்காமல் எழுதுங்கள், அதன் காரணத்தையும் விளைவையும் பற்றி நீங்கள் ஊகிக்கும் இடத்தில் ஊகம் என்று காட்டுங்கள், அப்படிக் காட்டினால்தான் நீங்கள் தயங்காமல் எழுதிய வரிகளை எவராலும் அசைக்க முடியாது என்று அவர் சொன்னதை என் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறமொழி ஆய்வுகளைப் பற்றிய நான்காம் நாள் ஒப்பளவில் சாதாரணமாகக் கழிந்தது. ஐயம் காட்டும் இவ்வகைச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் வேலி என்ற பொருள்படும் பெயரை மொழியியலில் நிலைநிறுத்தியது ஜோர்ஜ் லேக்கொஃபின் 1972 ஆம் ஆண்டுக் கட்டுரை என்பதையும், டீ.என்.ஏ.யின் அமைப்பை அறிவித்த வாட்சனும் கிரிக்கும் 1953 இல் ஓர் அமைப்பை முன்வைக்க விரும்புகிறோம் என்றே தங்கள் குறுங்கட்டுரையைத் தொடங்கினார்கள் என்பதையும் அறிந்துகொண்டது பயனுள்ளதே. ஆயினும், அன்று கொடுத்த நிழற்பிரதிகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ்மொழி மூலம் ஆய்வேடு எழுதுவோர் நிறைந்த வகுப்பில், தமிழ் ஆய்வுக்கட்டுரைகளிலிருந்து எடுத்த பக்கங்களையும் தந்திருக்க வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. எழுத்துப் பயிற்சிகளைத் திருத்தித் தர இரண்டு வாரம் ஆனது. ஐந்து வார வகுப்பில் அது அதிகம். தெருவின் இரைச்சலில் பின்வரிசைக்கு அவர் குரல் எட்டவில்லை. இணையவழி வகுப்பு இல்லாததால் பதுளை, பண்டாரவளைப் பக்கத்தினர் வருவது கடினம். புள்ளிவிவர ஆய்வு செய்வோருக்கு வேண்டிய அளவு பாடமும் இல்லை: இரண்டு மாறிகள் சேர்ந்து மாறுவதைக் கண்டு ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எழுதக்கூடாது என்பதை ஒரு மணிநேரத்துக்குள் முடித்துவிட்டார். என் இயலின் பிழையே அதுதான் என்பதால் எனக்கு இன்னும் நேரம் தேவைப்பட்டது. வகுப்பு முடிந்த பின் அவர் என்னோடு அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்துத் தந்தார் என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

என் வசனம் இப்போது இவ்வாறு உள்ளது: "ஆய்வுக்குட்பட்ட இரண்டு பாடசாலைகளிலும், தாய் வெளிநாட்டில் பணிபுரிவதாகக் குறிப்பிட்ட மாணவரிடையே ஒழுங்கற்ற வரவு கூடுதலாகக் காணப்பட்டது. வீட்டில் இளைய பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பு இம்மாணவர் மீது விழுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும். பாடசாலைக்கு உள்ள தூரம், குடும்ப வருமானம் ஆகியவற்றின் பங்கை இத்தரவைக் கொண்டு பிரித்தறிய இயலவில்லை." முன்னையதைவிட நீளமானது, ஆரவாரம் குறைந்தது. ஆனால் இதில் ஒரு சொல்லையேனும் காப்பாற்ற முடியாமல் நான் தலைகுனிய வேண்டியிருக்காது.

ஆய்வேட்டின் முதல் வரைவு கையில் உள்ளவர்களுக்கே இவ்வகுப்பு முழுப் பயன் தரும். தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு வருபவர்கள் சிறிது பொறுத்து வருவது நல்லது. வரும்போது மேற்பார்வையாளரின் சிவப்பு மை படிந்த பக்கங்களை அப்படியே கொண்டுவாருங்கள். திருத்தி எழுதிய படியை விரிவுரையாளர் கையில் வாங்குவதில்லை.