47 டிகிரி என்று பொய் சொன்ன குரோம் கவர்

என் பழைய கார்புரேட்டர் காரின் பானெட்டைத் திறந்தால் பார்க்கிற மாதிரி ஒன்றும் இருக்காது. எல்லாம் கறுப்பு, அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு, பிசுக்கின் மேல் தூசு. அந்த ஏக்கத்தில்தான் இந்த குரோம் கிட்டை வாங்கினேன். இன்ஜினின் தலையை மூடும் டேப்பட் கவர், ஏர் கிளீனரின் வட்ட மூடி, ஆயில் ஊற்றும் இடத்துக்கு ஒரு மூடி, இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே வரும் வெப்பத் தடுப்புத் தகடு, கூடவே ஒரு பொட்டலம் போல்ட். பெட்டியின் மேல் 'இன்ஜின் சூட்டை வேகமாக வெளியேற்றும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கார் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவரிடம் காட்டினால், "குரோம் போட்டா இன்ஜின் வெந்துடும்பா, திருப்பிக் கொடுத்துடு" என்கிறார். மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: பெட்டி சொன்னதும் தப்பு, நண்பர் சொன்னதும் தப்பு.

பூச்சைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படிப் பளபளக்கிறது. இந்த மாதிரி அலங்கார குரோம் வேலையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அடியில் இருக்கும் நிக்கலைத்தான். நிக்கல் 10 முதல் 40 மைக்ரான் வரை இருக்கும், மேலே வரும் குரோமியம் அரை மைக்ரான்கூடத் தேறாது. தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. போர்வை போல மூடி இன்ஜினை வேகவைக்கும் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. குரோமியம் வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. இவ்வளவு மெல்லிய பூச்சு வெப்பத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

சரி, அப்புறம் எங்கேதான் வித்தியாசம் வருகிறது? அளந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

என்னிடம் ஓர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருக்கிறது. நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்ப்பார்களே, அதே ஜாதி, இன்னும் அதிக சூடு காட்டும். பழைய கறுப்புக் கவர் இருந்தபோதே, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பிடித்துப் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன்: 91 டிகிரி. குரோம் கவரை மாட்டி, அதே தடம், அதே அரை மணி. வந்து பிடித்தால் 47! ஒரு நிமிடம் பெட்டியில் போட்டிருந்ததை நம்பியே விட்டேன். சந்தோஷத்தில் விரல் முட்டியை வைத்தேன் பாருங்கள், அடுத்த இரண்டு நாள் அந்த விரலை மடக்க முடியவில்லை.

பொய் சொன்னது கருவிதான், அதுவும் அதன் குற்றமில்லை. எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்பக் கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தாராளமாக வீசுகிறது என்பதற்கு உமிழ்திறன் என்று பெயர். முழு வள்ளல் என்றால் 1. சாதாரண பெயின்ட் 0.9 பக்கம். பளபளக்கும் குரோம் 0.1 பக்கம், அதாவது கஞ்சன். மலிவான தெர்மாமீட்டர்கள் எதிரில் இருப்பது 0.95 என்று நினைத்துக்கொண்டே கணக்குப் போடும். குரோமை நோக்கிப் பிடித்தால், அதற்குள் கண்ணாடி போலத் தெரியும் மற்ற பொருள்களின் சூட்டைத்தான் பெரும்பாலும் படிக்கிறது. நான் குனிந்து என் முகம் கவரில் தெரிகிற மாதிரி பிடித்தால் ஓர் எண், நகர்ந்து வானம் தெரிகிற மாதிரி பிடித்தால் அதைவிடக் குறைந்த எண். கவர் என்னவோ அப்படியே கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

வைத்தியம் சுலபம். பெயின்ட் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கிழித்துக் கவரின் மேல் அழுத்தி ஒட்டினேன். இரண்டு நிமிடம் விட்டு டேப்பின் மேல் பிடித்தேன். 94 டிகிரி. அதே நொடியில் இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்தால் மறுபடியும் 47. குரோம் போட்டதும் இன்ஜின் குளிர்ந்துவிட்டது என்று யாராவது தெர்மாமீட்டரோடு போட்டோ காட்டினால், அதில் டேப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆக, 91 இருந்தது 94 ஆகியிருக்கிறது. கூடியிருக்கிறது, குறையவில்லை. பெட்டி சொன்னதற்கு நேர் எதிர். ஆனால் அந்த மூன்று டிகிரியால் இன்ஜினுக்கு ஏதாவது ஆகுமா? என் டேப்பட் கவரின் மேற்பரப்பு சுமார் 0.1 சதுர மீட்டர். இந்தச் சூட்டில் பெயின்ட் அடித்த கவர் கதிர்வீச்சாக 40 வாட்டைச் சற்றுத் தாண்டி வெளியே தள்ளும், குரோம் கவர் 5 வாட். அவ்வளவுதான் நஷ்டம், பழைய குண்டு பல்பு ஒன்று. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் வழியாக ரேடியேட்டருக்குப் போகிற வெப்பமோ, கார் கொஞ்சம் உழைக்கும்போது கிலோவாட் கணக்கில், பத்து இருபது என்று போகும். அதோடு, கவரைத் தொட்டுப் போகும் காற்று எடுத்துச் செல்லும் வெப்பத்துக்கு குரோம், பெயின்ட் என்ற பேதமே கிடையாது. கூலன்ட் சூட்டைக் காட்டும் முள் மூன்று மாதமும் பழைய இடத்திலேயேதான் நின்றது.

போகிற போக்கில் ஒன்று. கறுப்பு பெயின்ட் வெப்பத்தை நன்றாக வீசுவது கறுப்பாக இருப்பதால் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இந்தச் சூட்டில் வெளிவருவது அகச்சிவப்புக் கதிர், அதில் வெள்ளை பெயின்ட்டும் கிட்டத்தட்ட கறுப்பு மாதிரிதான் நடந்துகொள்ளும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கிட்டிலேயே உருப்படியான பொருள் மேனிஃபோல்டு தகடுதான். வேடிக்கை என்னவென்றால், அதைப் பற்றிப் பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை. சூடு ஏற ஏறக் கதிர்வீச்சு தாறுமாறாகக் கூடும், வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப. 500 டிகிரியில் இருக்கும் துருப்பிடித்த மேனிஃபோல்டு சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்டுக்கு மேல் வீசும். அதன் எதிரே, நடுவில் கொஞ்சம் காற்று இடைவெளி விட்டு ஒரு பளபளப்பான தகடு நின்றால், வந்ததில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். டேப்பட் கவரில் குறையாக இருந்த அதே கஞ்சத்தனம் இங்கே குணம். கார்புரேட்டர் அடிப்பாகத்தில் டேப் ஒட்டி அளந்தேன், முன்பைவிடக் குறைவு. சூடான இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது வரும் இருமலும் குறைந்திருக்கிறது. இரண்டாவது வாரமே தகட்டின் உள்பக்கம் வெளிறிய மஞ்சளாகி, புகை வெளிவரும் துளைகளுக்கு நேரே நீலம் பாய்ந்துவிட்டது. குரோம் சூடு பட்டால் அப்படித்தான் ஆகும். பளபளப்பு குறையக் குறைய இந்த நன்மையும் குறையும் என்பதால், வெளிப்பக்க அழகைவிட உள்பக்கத்தைத் துடைத்து வைப்பது முக்கியம்.

உண்மையான வயிற்றெரிச்சல் வெப்பத்தில் இல்லை, தகரத்தில். டேப்பட் கவர் பழையதைவிட மெல்லிசு. முதல் வாரமே பின்மூலையில் ஆயில் கசிந்து, புகை நாற்றம். கழற்றிப் பார்த்தால் போல்ட் துளையைச் சுற்றித் தகடு கீழே குழிந்து, நடுவில், கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை அழுத்தாமல் தூக்கி நிற்கிறது. மரக்கட்டையின் மேல் கவிழ்த்து, சின்னச் சுத்தியலால் தட்டிச் சமன் செய்து, கார்க் கேஸ்கட்டை மாற்றி, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் மிதமாக முறுக்கிய பிறகுதான் கசிவு நின்றது. இன்னொன்று, பழைய கவரில், இன்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் மூச்சுக்குழாய்க்குக் கீழே ஆயில் தெறிக்காமல் தடுக்க ஒரு சின்னத் தகடு இருக்கும். இதில் அது இல்லை! ஆயில் ஆவியாகவும் துளியாகவும் ஏர் கிளீனருக்குப் போய் ஃபில்டர் தாள் நனைந்திருந்தது. பழைய கவரிலிருந்து அந்தத் தகட்டை வெட்டி இதில் ரிவிட் அடித்தேன். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு நான் ஏன் இந்த வேலை பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு நன்றாகவே திட்டினேன்.

போல்ட் பொட்டலத்தை டேப்பட் கவருக்கு மட்டும் பயன்படுத்தினேன், அங்கே பாரம் ஒன்றும் பெரிதில்லை. மீதி குரோம் போல்ட்டுகளை வேறு எங்கும் போடவில்லை. முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகும். அதிகக் கடினமான போல்ட் என்றால், பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் நெடுநேரம் சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் எச்சரிக்கையே இல்லாமல் முறியும். இந்தப் பொட்டலத்தை யாராவது சுட்டார்களா என்பதற்குப் பெட்டியில் ஒரு வரி இல்லை. அதே காரணத்தால் வால்வு ஸ்பிரிங்கை குரோம் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

ஏர் கிளீனர் மூடியும் ஆயில் மூடியும் வெறும் அலங்காரம், நன்றாக இருக்கின்றன. கைரேகை மட்டும் உடனே தெரியும்.

மேனிஃபோல்டு தகடு தனியாகக் கிடைத்தால் இன்னொரு முறையும் வாங்குவேன். டேப்பட் கவரை, உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்க்க விடுகிற கடையில்தான் வாங்குவேன். இப்போது கசிவு இல்லை, ஏர் ஃபில்டர் காய்ந்தே இருக்கிறது. கவரின் பின்மூலையில் அந்தத் தீப்பெட்டி அளவு டேப் இன்னும் ஒட்டியிருக்கிறது. பார்க்க அசிங்கம் என்று நண்பர் பிய்க்கப் போனார், கையைத் தட்டிவிட்டேன்.