சோ-ஜினா, யோன்-ஜினா? இரண்டு கொரிய வில்லிகள்

கொரிய சீரியல் வில்லிகளில் என்னைக் கட்டிப்போட்டவர்கள் இரண்டு பேர்: 'தி பென்ட்ஹவுஸ்' (2020) சியோன் சோ-ஜின், 'தி குளோரி' (2022) பார்க் யோன்-ஜின். முடிவையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் உஷார்.

யோன்-ஜின் பள்ளியில் சக மாணவியைச் முடி சுருட்டும் சூடான கருவியால் சுட்டவள். வளர்ந்ததும் டிவியில் வானிலை வாசிக்கிறாள். செய்ததற்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. அந்த அலட்சியச் சிரிப்பிலேயே, யோன்-ஜினாக நடித்த லிம் ஜி-யோன் நம்மைக் கொதிக்க வைக்கிறார்.

சோ-ஜின் வேறு ரகம். சோப்ரானோ (பெண்களின் உச்சஸ்தாயிக் குரல்) பாடகி, பொறாமையே உருவானவள். படிக்கட்டில் விழுந்து உயிருக்குப் போராடும் அப்பாவை மழையில் அப்படியே விட்டுவிட்டு, பதவிக்கான ஆவணத்தோடு ஓடுகிறாள். அப்புறம் ரத்தக் கையோடு பியானோ முன் உட்கார்ந்து வெறிபிடித்தவள்போல வாசிக்கிறாள். அழுகையா சிரிப்பா என்றே தெரியாது. சோ-ஜினாக நடித்த கிம் சோ-யோனுக்கு 2021-ல் கொரியாவின் பெக்சாங் கலை விருதுகளில் சிறந்த நடிகை விருது கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை. (லிம் ஜி-யோனுக்கு 2023-ல் சிறந்த துணை நடிகை.)

தண்டனை என்று பார்த்தால் யோன்-ஜினுடையதுதான் கச்சிதம்: சிறையில் சக கைதிகள் முன் அழுதுகொண்டே வானிலை சொல்ல வேண்டும். ஆனால் மறுபடி பார்க்க ஒருத்தியைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், என் ஓட்டு சோ-ஜினுக்கே. கதை எத்தனை முறை லாஜிக்கைக் காற்றில் பறக்கவிட்டாலும் சரி.