ஹிமாலயன் 450: ட்யூப் சக்கரமா, ட்யூப்லெஸ்ஸா?

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பைக்கை வாங்கியதும் பலரும் முதலில் தேடுவது கிராஷ் கார்டும் பெட்டியும்தான். சக்கரத்தை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். முன்னால் 21 அங்குலம், பின்னால் 17. இரண்டுமே கம்பி (ஸ்போக்) வைத்த சக்கரம். டயருக்குள் ட்யூப் உள்ளது, ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் என இரண்டு வகையிலும் இது கிடைக்கும்.

ட்யூப் டயரில் ஆணி ஏறினால் சட்டென்று காற்று இறங்கிவிடும். அச்சைக் கழற்றி, சக்கரத்தை உருவி, லிவர் போட்டு டயரை நெம்ப வேண்டும். 196 கிலோ வண்டியை வைத்துக்கொண்டு, அதுவும் மலைப்பாதையில் தனியாக, புதியவருக்கு இது பெரும்பாடு. ட்யூப்லெஸ்ஸில் பெரும்பாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். ஆணியைப் பிடுங்கி, துளையை ராவி, பசை தடவிய ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துக் கிளம்பலாம். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம்.

ஆனால் பாறையில் மோதி ரிம் விளிம்பு நெளிந்தால் ட்யூப்லெஸ்ஸில் காற்று நிற்காமல் போகலாம். ட்யூப் அப்போதும் தாங்கும். அப்புறம், எந்த ஊர்ப் பஞ்சர் கடையிலும் அதை ஒட்டிவிடுவார்கள். இமயமலையில் ஸ்பிதி, லடாக் என்று போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தார்ச்சாலையும் கொஞ்சம் மண்பாதையும் ஓட்டப்போகும் புதியவருக்கு என் ஓட்டு ட்யூப்லெஸ்ஸுக்கே. எதை எடுத்தாலும் சரி, மாதம் ஒருமுறை ஸ்பேனரால் கம்பிகளை மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் அந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது.