பென்னாகரம் சாலை வீடியோ கேம் கடை: பேரனோடு போய் வந்தேன்

தருமபுரி பென்னாகரம் சாலையில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஆறு டிவி, மணிக்கு 60 ரூபாய். அரையாண்டு விடுமுறைக்கு வந்த பேரனை அழைத்துப் போனேன். முப்பது ஆண்டுகள் டிவி பழுது பார்த்தவன் நான். எங்கே போனாலும் முதலில் கருவிகளைத்தான் கவனிப்பேன்.

ஒருவர் ஆடி எழுந்ததும், கடைக்காரத் தம்பி கன்ட்ரோலரைத் துடைத்து, குச்சியை எட்டுத் திசையும் சுழற்றிப் பார்த்த பிறகே அடுத்தவரிடம் கொடுக்கிறார். அப்படியும் பேரனிடம் வந்ததில் ஒரு பட்டன் வேலை செய்யவில்லை. தம்பி சாக்குச் சொல்லவில்லை. திருகாணிகளைக் கழற்றினார், ரப்பரைத் தூக்கினார், அடியில் இருந்த கரிப்பூச்சின் மேல் படிந்த அழுக்கை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்தார். ரிமோட்டுக்கு நான் செய்த அதே வைத்தியம்! அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கவும் இல்லை.

சுவரில் ‘பாங்’ என்ற பழைய வீடியோ கேம் இயந்திரத்தின் படம் மாட்டியிருக்கிறார். டெட் டாப்னியோடு சேர்ந்து அடாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தைத் தொடங்கிய நோலன் புஷ்னெலின் கதையைப் பேரனுக்குச் சொன்னார். 1971இல் வந்த அவர்களுடைய ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ விளையாட்டு பலருக்குப் பிடிபடவில்லை. அடுத்த ஆண்டு வந்த பாங்கில் குமிழைத் திருப்பினால் மட்டை நகரும், அவ்வளவுதான். அமெரிக்காவின் சன்னிவேலில் ஒரு மதுக்கடையில் வைத்த இயந்திரம் நின்றுபோனதாம். அதை உருவாக்கிய ஆல் அல்கார்ன் போய்த் திறந்தால், காசுப் பெட்டி நிரம்பி வழிந்திருக்கிறது. நான்கே ஆண்டுகளில் வார்னர் நிறுவனம் அடாரியை 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கியது.

புஷ்னெல் படிக்கும் காலத்தில் கேளிக்கைப் பூங்காவின் விளையாட்டுக் கடைகளில் வேலை பார்த்தவர். யார் எதற்குக் காசு போடுவார்கள் என்பதை அங்கே கண்ணால் பார்த்திருப்பார். இந்தத் தம்பியிடமும் அந்தக் கண் இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைக்கு முதலில் எளிய பந்தாட்டத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்று முகத்தைப் பார்க்கிறார்.

குறை ஒன்று உண்டு. பெரியவர்கள் உட்கார இடமே இல்லை. இரண்டு மணி நேரம் சுவரில் சாய்ந்தே நின்றேன். புஷ்னெல் 1977இல் சான் ஹோசேயில் பீட்சாவையும் விளையாட்டையும் ஒரே கூரையில் சேர்த்து, குடும்பத்தோடு வருபவர்களுக்கு மேசை போட்டார். இங்கே ஒரு மரப்பெஞ்ச் போட்டால் போதும். தம்பியிடமே சொன்னேன், பொங்கலுக்குள் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். வேலை நாளில் மாலை நான்கு மணிக்கு முன் போங்கள். படிக்கட்டு செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்து ஏறவும்.