தொகையை நடுவில் வைக்காதீர்கள்

எக்செல்லில் தொகைப் பட்டியல் நடுவாக்கில் அழகாக நிற்கிறது, கூட்டுத்தொகை மட்டும் குறைகிறது, ஏன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல வருடமாகக் காதில் விழும் கேள்வி. பதிலும் மாறவில்லை: முதலில் அந்த சென்டரை எடுங்கள்.

நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் + 1 அழுத்தி, அலைன்மென்ட் தாவலில் ஹரிசான்டல் என்ற இடத்தில் ‘ஜெனரல்’ வையுங்கள். எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும், பிழைச்செய்தி நடுவில் நிற்கும். தொகைகளுக்குள் எது இடப்பக்கம் ஒதுங்கியதோ அது எண்ணே அல்ல, எண் போலத் தெரியும் எழுத்து. மேல் செல்லில் 1250 எண்ணாகவும் கீழ் செல்லில் 840 எழுத்தாகவும் இருந்தால், கூட்டும் சூத்திரமான சம் (SUM) 1250 என்றே காட்டும். அதே இரண்டையும் பிளஸ் குறி போட்டுக் கூட்டினால் 2090 வரும். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் சம் இப்படித் தாண்டிப் போகிறது. அதைக் கண்ணுக்குப் பளிச்சென்று காட்டிக்கொடுப்பது இந்த இடம்-வலம். எக்செல்லில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

எழுத்தானதை எண்ணாக்க: நம்பர் ஃபார்மேட்டை ஜெனரலாக்கி, டேட்டா தாவலில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’, உடனே ஃபினிஷ். பெரும்பாலும் முடிந்துவிடும். அப்படியும் நகராதவை வலைப்பக்கத்திலிருந்து ஒட்டியவையாக இருக்கும். சாதாரண இடைவெளி போலவே தெரியும், ஆனால் 160 என்ற குறியீட்டு எண் கொண்ட வேறொரு இடைவெளி வாலில் தொங்கும். இடைவெளி நீக்கும் சூத்திரமான டிரிம் (TRIM) சாதாரண இடைவெளியை மட்டுமே நீக்கும், இதைத் தொடாது. கன்ட்ரோல் + எச் திறந்து, தேடும் பெட்டியில் ஆல்ட்டைப் பிடித்தபடி நம்பர் பேடில் 0160 அடித்து, கீழ்ப்பெட்டியைக் காலியாக விட்டு ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுங்கள்.

எண் கோட்டோடு கோடாக ஒட்டுவது பிடிக்காமல்தான் பலர் நடுவில் வைக்கிறார்கள். நியாயமான குறைதான். அதற்கு கஸ்டம் ஃபார்மேட்டில் #,##0.00_) போதும், ஓர் அடைப்புக்குறி அகலம் வலப்பக்கம் விட்டு நிற்கும், அலைன்மென்ட் ஜெனரலாகவே இருக்கும். அக்கவுன்டிங் ஃபார்மேட் இன்னும் உறுதி. யார் சென்டரை அழுத்தினாலும் எண் அசையாது, ஏனென்றால் அந்த ஃபார்மேட்டின் குறியீட்டிலுள்ள நட்சத்திரக் குறி (*) செல்லின் மிச்ச அகலத்தை இடைவெளியால் நிரப்பிவிடுகிறது.

எரிச்சல் எங்கே என்றால், ‘மெர்ஜ் அண்ட் சென்டர்’ ஹோம் தாவலில் கண்ணெதிரே இருக்கிறது. தலைப்புக்கு அதை அழுத்திய பட்டியலைப் பின்னால் வரிசைப்படுத்தப் (Sort) போனால், இணைத்த செல்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று மறுத்துவிடும். செல்களை இணைக்காமலே தலைப்பை நடுவில் காட்டும் ‘சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன்’ கன்ட்ரோல் + 1-க்குள் ஒளிந்து கிடக்கிறது. பட்டனாக வெளியே இருக்க வேண்டியது இதுதான்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், பிறர் அனுப்பும் கோப்பை நான் முதலில் திறப்பது எக்செல் போன்ற இன்னொரு மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க்கில். அங்கே கன்ட்ரோல் + எஃப்8 அழுத்தினால் எண் நீலம், எழுத்து கறுப்பு, சூத்திரம் பச்சை. யார் எங்கே சென்டர் வைத்திருந்தாலும் நிறம் மாறாது.